குண்டனின் கடைசி வரிசை

மார்ச் 4, புதன்

கையெழுத்துப் போட்டாச்சு. எங்கள் புது வண்டி குண்டனின் சஸ்பென்ஷன் வேலை முடிந்தது. ஏழு பேர் உட்காரலாம், இரண்டே கால் டன் எடை, நான்கு சக்கரமும் இழுக்கும், கல்லோ சேறோ எதிலும் ஏறும். அந்த வண்டியின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்று பதினாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். இந்த மாதம் இருபத்தேழாம் தேதி ஃபேக்டரிக்கு அளவுகள் போய்விடும். அப்புறம் கடவுளே கேட்டாலும் மாற்ற முடியாது.

சந்தோஷத்தில் வாயை அடக்க முடியவில்லை. சாப்பிடும்போது அண்ணியிடம் ஜம்பம் அடித்துவிட்டேன். அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் மாடியில் இருக்கிறார், தையல் மெஷினும் அங்கேதான். எந்த வண்டியில் ஏறினாலும் பத்தாவது நிமிடம் வாயைப் பொத்திக்கொள்வார். மகள் கல்யாணமாகி மலைக்கு அந்தப் பக்கம் போய் மூன்று வருஷம் ஆகிறது. மகள்தான் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். இவர் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை.

"எங்க வண்டியில நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணி. ஒண்ணும் ஆகாது. நான் கேரண்டி" என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. பார்க்கலாம் என்றார். ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல், அந்தச் சாலை எவ்வளவு தூரம், எத்தனை வளைவு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 7, சனி

குண்டனை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெளியாகாத வண்டி என்பதால் உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர். எதிர்வீட்டுக்காரர் வரிக்குதிரை வாங்கிட்டீங்களா என்று விசாரித்தார்.

பழைய கல்குவாரிப் பாதைக்குப் போனோம். என் பக்கத்தில் வீட்டுக்காரர், நடு வரிசையில் பிள்ளைகள் இரண்டும். அண்ணி தானாகவே கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வந்தால் யார் மேலயும் படாது என்று விளக்கம் வேறு.

சும்மா சொல்லக் கூடாது, குண்டன் அசத்திவிட்டான். ஈரமான செங்குத்து மேட்டில் லோ கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரைப் பூப்போலத் தொட்டேன். நாலு சக்கரமும் ஒன்றுக்கொன்று கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனது. பிள்ளைகள் கத்திய கத்தலில் என் காது அடைத்துவிட்டது. இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமலே தானாக அடிமேல் அடி வைத்து இறங்கியது. இதற்காகத்தானே இந்த வேலைக்கு வந்தேன் என்று எனக்குள் ஒரே கும்மாளம். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன்.

அண்ணியின் முகம் வெளுத்திருந்தது. நிறுத்தி, கதவைத் திறப்பதற்குள் ஆகிவிட்டது.

"கேரண்டி கார்டு எங்க வச்சே?" என்றார் வீட்டுக்காரர். அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். இப்போது மணி ஆறு. இன்னும் பேசவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணிக்கு எதில் ஏறினாலும் வரும். வண்டி மேல் தப்பில்லை.

— எழுதிப் படித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

காலையில் அண்ணி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். உங்க ஆபீஸ்ல அந்தக் கடைசி சீட்டில் யார் உக்காந்து பார்ப்பாங்க? யாரும் உட்கார மாட்டோம், முழுப் பாரச் சோதனைக்கு ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ கணக்கில் மணல் மூட்டையை வைத்து பெல்ட் போட்டுக் கட்டிவிடுவோம் என்றேன். ஓட்டுகிறவர் முன்னால் உட்கார்ந்து மார்க் போடுவார்.

அண்ணி ஊசியைக் கீழே வைத்தார்.

"மூட்டைக்குக் கழுத்து ஏதும்மா?"

காபி போடப் போகிறேன் என்று உள்ளே வந்துவிட்டேன். பதினாலு மாதம். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர். நான் ஒரே ஒரு நாள்கூட அந்த சீட்டில் உட்கார்ந்ததில்லை.

மார்ச் 9, திங்கள்

உட்கார்ந்தேன். "மெதுவா" ஓட்டினார். எங்கள் டெஸ்ட் டிரைவர்களிலேயே பேய் வேகம் அவர்தான். யார் கேட்டாலும் மெதுவாத்தான் போனேன் என்பார், அதனால் அந்தப் பெயர்.

கரடுமுரடான பாதையில் முப்பத்தைந்தாவது நிமிடம் நிறுத்தச் சொன்னேன். பிறகு ஒரு மரத்தடியில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மெதுவா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, கௌரவமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆக, தப்பு அண்ணியிடம் இல்லை. என் கையெழுத்தில் இருக்கிறது. ஆபீஸில் எங்கள் சீஃபிடம் சொல்வதா? சொன்னால் மானம் போகும். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? கடைசி வரிசையில் குழந்தைகளைத்தான் உட்கார வைப்பார்கள், அல்லது வீட்டில் வாயைத் திறக்காதவர்களை. அதுகள் வந்து புகார் கொடுக்கவா போகுது.

சீ. இப்படி யோசிக்கிறேனே.

மார்ச் 10, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சீஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். திட்டியிருந்தால் தேவலை. மற்ற சோதனையெல்லாம் பாஸ் ஆன வண்டி, இதில் கை வைத்தால் அது கெடாது என்று என்ன நிச்சயம் என்று கேட்டார். நிச்சயம் இல்லை என்றேன்.

"இருபத்தேழு வரைக்கும் பாரு. முடியலைன்னா பழைய அளவுதான் போகும்."

எழுந்து வரும்போது, இதைக் கண்டுபிடித்தது யார் என்றார். எங்க வீட்டு டெய்லர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

அண்ணி டெஸ்ட் வண்டியில் ஏற அனுமதி வாங்கினேன். வாசல் செக்யூரிட்டி கொடுத்த படிவத்தில் "இத்துறையில் அனுபவம்" என்று ஒரு கட்டம். அண்ணி நிதானமாக "வாந்தி, முப்பது வருடம்" என்று எழுதிக் கொடுத்தார். செக்யூரிட்டி அதைப் படித்துவிட்டுச் சல்யூட் அடித்தார்.

பயந்துகொண்டேதான் வந்தார். அதை மறைக்கவும் இல்லை. மகள் வீட்டைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று இருக்கிறது, அதற்கு நாலு தடவை வாந்தி எடுத்தால் குறைந்தா போய்விடுவேன் என்றார்.

ஏறி உட்கார்ந்ததும் பையிலிருந்து நூலை எடுத்து, அதில் ஒரு கோட் பட்டனைக் கோர்த்து, மேலே கைப்பிடியில் தொங்கவிட்டார். பின்னால் ஜன்னலில் அளவு டேப்பைக் குறுக்காக ஒட்டினார். பட்டன் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பாராம். இரண்டு லட்சம் பெறும் சென்சார் ஒட்டி வைத்திருக்கிறேன், அதன் பக்கத்தில் பட்டன். மெதுவாவுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்தது.

இருபது நிமிடம் தாங்கினார். முகம் கழுவிவிட்டு வந்து சொன்னார், மேலேயும் கீழேயும் குலுக்குவது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, மெஷின் மிதிக்கிறவளுக்குக் குலுக்கல் பழக்கம். பக்கவாட்டில் தலையைப் பிடித்து ஆட்டுவதுதான் வயிற்றைப் பிரட்டுகிறது. ஒரு சக்கரம் கல்லில் ஏறும்போது மொத்த வண்டியும் வெடுக்கென்று மறுபக்கம் போகிறது. பட்டன் நாலரை இஞ்ச் ஆடுகிறது.

சென்சாரைப் பார்த்தேன். அதே கதை. இத்தனை நாளும் மேல்கீழ் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு, பக்கவாட்டுக் கோட்டைப் புரட்டிப் போயிருக்கிறேன். கழுதை.

மார்ச் 17, செவ்வாய்

பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற முறுக்குக் கம்பிதான் குற்றவாளி. வளைவில் வண்டி சாயாமல் பிடிப்பது அதன் வேலை. ஆனால் தடிமனாக இருந்தால், ஒரு சக்கரம் மேலே போகும்போது மறுசக்கரத்தையும் வண்டியையும் சேர்த்து இழுக்கும். கடைசி வரிசை சரியாக அந்த அச்சுக்கு மேலே. இருபத்துநாலு மில்லிமீட்டர் கம்பியை எடுத்துவிட்டு இருபத்தொன்று போட்டேன். மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் விறைப்பு நாற்பது சதவீதம் குறைகிறது.

அண்ணி நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தார். நாற்பத்தைந்து. இறங்கி, பசிக்குது என்றார். எனக்கு அவரைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது. இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

பாதை மாற்றும் சோதனை. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் திடீரென்று குறுக்கே ஏதோ வந்த மாதிரி ஸ்டீயரிங்கை ஒடித்து, அடுத்த பாதைக்குப் போய், மறுபடி திரும்பி வர வேண்டும். அதற்கு ஆளை ஏற்றக் கூடாது, மூட்டைதான். புதுக் கம்பியில் குண்டன் படகு மாதிரி சாய்ந்தான், முன்பக்கம் கோட்டை விட்டு வெளியே தள்ளியது, பாதை ஓரம் அடையாளத்துக்கு வைத்த கூம்புகளில் நாலு காலி. முதல் தடவையாக மெதுவா இறங்கி வந்து, மெதுவாத்தான் போனேன் என்று சொல்லவில்லை. பயமா இருந்துச்சு மேடம் என்றார்.

பழைய கம்பியைப் போட்டா இதுல பாஸு, அண்ணிக்கு ஃபெயிலு. புதுசைப் போட்டா அண்ணிக்குப் பாஸு, இதுல ஃபெயிலு. ஆளைக் கவிழ்க்கிற வண்டியை நான் கொடுக்க முடியுமா? முடியாது. இன்னும் ஏழு நாள். எதுக்கு அந்த வாய் விட்டேன், கேரண்டியாம் கேரண்டி.

மார்ச் 22, ஞாயிறு

அண்ணியிடம் நடக்காது போலிருக்கிறது என்று சொல்லப் போனேன். சொல்லியும் விட்டேன். அண்ணி மெஷினை நிறுத்தி நூலை அறுத்தார். பரவாயில்லம்மா, நீ இவ்வளவு பண்ணினதே பெருசு என்றார்.

அப்புறம் ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்: "சாயறது எனக்கு ஒண்ணும் பண்ணலம்மா. சாஞ்சிட்டு நிக்க மாட்டேங்குதே. ரெண்டு மூணு ஆட்டம் ஆடித்தான் அடங்குது. அந்த ரெண்டாவது ஆட்டத்துலதான் எனக்கு வரும்."

படியில் பாதி இறங்கியவள் அப்படியே நின்றேன். இரண்டாவது ஆட்டம். மெதுவா கூம்பை இடித்ததும் முதல் திருப்பத்தில் இல்லை. திரும்பி வரும்போது, வண்டி முதல் சாய்விலிருந்து அடங்குவதற்கு முன். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. சாயவிடலாம், ஆடவிடக் கூடாது. அது கம்பியின் வேலையே இல்லை, ஷாக் அப்சார்பரின் வேலை.

மறுபடி மேலே ஓடி அண்ணியின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தேன். பைத்தியமா உனக்கு என்றார். வீட்டுக்காரரிடமும் பேசிவிட்டேன், கணக்கு வாத்தியாராயிற்றே, அலைவு அடங்கும் கணக்கை அவரை விட்டே போடச் சொன்னேன். இரண்டு வாரமாக இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன் என்கிறார் மனுஷன்.

மார்ச் 25, புதன்

மெதுவான அசைவுக்கு இறுக்கமாகவும் வேகமான இடிக்கு இளக்கமாகவும் வால்வு மாற்றிய ஷாக்குகள் வந்தன. முன் கம்பியிலும் ஒரு மில்லிமீட்டர் குறைத்தேன், முன்பக்கம் வெளியே தள்ளாமல் இருக்க. பட்டன் ஒன்றரை இஞ்ச். ஒரே ஆட்டம், நின்றுவிட்டது.

மார்ச் 27, வெள்ளி

காலையில் பாதை மாற்றம். மூட்டைகளுடன் மெதுவா கிளம்பினார். நான் பார்க்கவில்லை, முதுகைக் காட்டி நின்றேன். டயர் சத்தம் வந்தது, நின்றது. திரும்பினால் எல்லாக் கூம்பும் நிற்கிறது. மெதுவா கதவைத் திறந்து, "மெதுவாத்தான் போனேன்" என்றார். எண்பத்திரண்டு.

மதியம் கரடு பாதை, ஏழு ஆள். கடைசி வரிசையில் அண்ணியும் சீஃபும். சீஃப் கையில் மார்க் தாள். ஒரு மணி நேரம். வழி நெடுக அண்ணி அவர் சட்டையின் தோள் தையல் எங்கே தப்பு, எந்த டெய்லர் இதைச் செய்தது, கையைத் தூக்கினால் ஏன் இழுக்கிறது என்று விளக்கிக்கொண்டே வந்தார். சீஃப் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டார். ஆற்றுக்குள் அரை மீட்டர் தண்ணீரில் இறங்கி ஏறினோம், இருவரும் கவனிக்கவே இல்லை.

வண்டி நின்றது. தாள் வெள்ளையாக இருந்தது. எழுத மறந்துட்டேனே என்றார் சீஃப். அப்புறம் பத்துக்கு எட்டு போட்டார். பழையதற்கு அந்த சீட்டில் மார்க்கே இல்லை, யாரும் உட்காரவில்லையே. சோதனை விதியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: மூன்றாம் வரிசையில் ஆள் உட்கார வேண்டும்.

புது அளவுகள் மாலை நாலு மணிக்குப் போயின. இந்தத் தடவை கையெழுத்துப் போடும் முன் தாளை இரண்டு முறை படித்தேன். சந்தோஷம்தான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

வருகிறோம் என்று அண்ணியின் மகளிடம் சொல்லவில்லை. முன்னூறு கிலோமீட்டர், எழுபத்தொரு வளைவு, கடைசி ஒன்பது கிலோமீட்டர் சாலை என்று சொல்லக்கூடாத ஒன்று. குண்டனை நான்தான் ஓட்டினேன். பாதி வழியில் அண்ணி தூங்கிவிட்டார். பிள்ளைகள் மூச்சு விடாமல் அவரையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

கதவைத் திறந்த மகள் அண்ணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது. "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். அம்மா வந்திருக்கிறாள் என்றால் ஏதோ கெட்டது நடந்திருக்க வேண்டும் என்றுதானே தோன்றும், பாவம்.

"ஒண்ணும் ஆகல. உன் வீட்டைப் பார்க்க வந்தேன். வழி விடு" என்றார் அண்ணி.

அந்தப் பெண் அழுதது. நானும் அழுதேன். வீட்டுக்காரர் டயரில் காற்றுப் பார்க்கிறேன் என்று வெளியே போய்விட்டார்.

அண்ணி ஒவ்வொரு அறையாகப் போனார். ஃபோனில் அளவு கேட்டு அவரே தைத்து அனுப்பிய திரைச்சீலைகள் எல்லா ஜன்னலிலும் தொங்குகின்றன. ஒவ்வொன்றையும் இழுத்து, விட்டு, தள்ளி நின்று பார்த்தார். சமையலறையில் ஒன்று ஜன்னலின் அடி விளிம்புக்கு ஒரு இஞ்ச் மேலேயே நின்றது. அம்மா, அது போதும், யார் பார்க்கிறார்கள் என்றாள் மகள்.

அண்ணி குனிந்து, ஓரத்தை விரலால் அளந்தார். "இருக்கட்டும். அடுத்த தடவை வர்றப்போ துணி கொண்டு வரேன்" என்றார்.

அப்புறம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம்.