நீல டிரம்மின் மூடி

மார்ச் 3
வாத்துத் தீவனத்துக்காகச் சோளத்தட்டை, சர்க்கரைவள்ளிக் கொடி, தவிடு, வெல்லக் கரைசல் எல்லாம் கலந்து டிரம்மில் மிதித்து மூடி இன்றோடு பன்னிரண்டு நாள். மூன்று வாரம் காற்றுப் புகாமல் புளிக்க வேண்டும். அண்ணனுக்கு ஒரே கிண்டல். "வாத்துக்கு ஊறுகாயா? சரி, சோறு யார் வடிக்கிறது?"

பண்ணை இருவருக்கும் பொது. வேலை மட்டும் எனக்கு.

மார்ச் 6
டிரம் மூடியைக் கட்டிய கயிற்றில் இருப்பது என் முடிச்சு இல்லை. அண்ணனிடம் கேட்டேன்.

"மூடியத் திறந்தியா?"

"அந்த நாத்தத்த நான் எதுக்குத் திறக்கப்போறேன்?"

உள்ளே மேலெல்லாம் பூசணம். இதைப் புதைக்கணும், வாத்துக்கு ஒரு கைப்பிடிகூடப் போடாதே என்றேன். தலையாட்டினான். குழி தோண்டுகிறேன் என்றான்.

மார்ச் 9
மகளை விடுதியில் விட்டுவிட்டு மதியம் திரும்பினால், டிரம் பாதி காலி! மூட்டைத் தீவனம் தீர்ந்துவிட்டதாம். கடைவரை போகச் சோம்பல். அதையே அள்ளிப் போட்டிருக்கிறான்.

மார்ச் 11
பதினேழு வாத்துகள் செத்துவிட்டன. நிற்க முடியாமல் தள்ளாடி, கழுத்தைத் தரையில் போட்டு...

கால்நடை டாக்டரம்மா பூசணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "வாத்துக்கு இது விஷம். யாரும்மா போட்டது?" என்றார். அவன் முந்திக்கொண்டான். "இவ ஊற வச்சதுதான் டாக்டர். நான் அப்பவே வேணாம்னேன்."

எனக்கு வாயே வரவில்லை. ஏன்டீ வரல? கத்தியிருக்க வேணாமா?

மார்ச் 12
டிரம்மை அண்ணன்தான் கூட்டாளிகளுக்குத் திறந்து காட்டிச் சிரித்தானாம். அண்ணியே சொன்னாள்.

மார்ச் 13
தீவனக் கடைக்காரர், "என்ன ஊறுகாய்க்காரி!" என்றார். அண்ணன் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினான். அவ்வளவுதான். கடையில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"திறந்தது யாரு? போட்டது யாரு? நீயே சொல்லு. சொல்லலேன்னா நாளைக்கே கொட்டகைய ரெண்டாப் பிரி!"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "நான்தான்."

கோபம் தணியும் என்று நினைத்தேன். தணியவில்லை.

ஏப்ரல் 8
மூன்று வாரம் முன்பு நிரப்பி மூடிய புதிய டிரம்மைத் திறந்தேன். பச்சை மாறாமல், புளிப்பு மணம். தீவனத்தோடு கொஞ்சம் கலந்து வைத்தேன். வாத்துகள் முதலில் தள்ளி நின்றன. பிறகு ஒன்றையொன்று முட்டிக்கொண்டு தின்றன.

ஏப்ரல் 10
அடுத்த டிரம்முக்காக ஒரு கட்டுக் கொடி கொண்டுவந்து, அண்ணன் தானே உட்கார்ந்து நறுக்கினான். நான் இன்னும் அவனிடம் பேசுவதில்லை. எல்லாம் விரல் நீளத் துண்டுகள். திருப்பி அவன் முன்னால் கொட்டினேன்.

"இன்னும் பொடியா."

துண்டுகளைத் தன் பக்கம் இழுத்து மறுபடி நறுக்கினான்.