நண்டுக்கு மருந்து

மார்ச் 9, ஞாயிறு. திரிங்காப்.

கடலோரச் சேற்றில் மகள் நட்ட பாக்காவ் என்னும் அலையாத்தி மரக் கன்றுகளில் பாதியை நண்டு கடித்துவிட்டதாம். மீதியும் போனால் அவளுடைய நடவு வேலையையே மேலிடத்தில் நிறுத்திவிடுவார்களாம். என் பூச்சி மருந்துக் கடையிலிருந்து நல்ல மருந்தாகப் பார்த்து அவள் காரில் ஏற்றினேன். ஆட்கள் நிறைந்திருந்த கடைக்குள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள்.

“நண்டு செத்தா மரமும் தாங்காதுப்பா. சேத்துல ஏது காத்து? நண்டு தோண்டுற பொந்து வழியாத்தான் வேருக்குக் காத்து போகுது.”

“அப்போ கன்னு?”

“மூங்கில் குழாய் மாட்டுறேன். தண்டு முத்திட்டா நண்டு தொடாது.”

மருந்து வாங்க வந்த முனியாண்டி, கடை முதலாளியான என்னைப் பார்த்துச் சிரித்தார். “தவுக்கே, சொந்த வீட்லயே யாவாரம் படுத்துருச்சு லா.”

நானும் சிரித்தேன். கன்று பிழைக்குமோ என்னவோ. இந்த மலையில் என் பேச்சில் மயங்கி மருந்து வாங்காத ஆள் இல்லை. மயங்காத ஒருத்தியை நானே பெற்று வளர்த்திருக்கிறேன்.