குடித்த காப்பிக்கு ரசீது

அன்பு மகள் ஜுமானாவுக்கு, அம்மா எழுதுவது. உன்மீது ஸலாம் உண்டாகட்டும். நானும் அப்பாவும் நலம், நலம் என்றால் எழுந்து நடமாடுகிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், அந்த அளவுக்கு. மால்மோவில் குளிர் இறங்கிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ. அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, டாக்டர் சொன்ன நடையும் நடப்பதில்லை. மாடியில் பெரிய தொட்டி கசிகிறது, ஆள் வந்து பார்த்துவிட்டு இதை மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லிப் போனவன் போனவன்தான். இன்று திங்கள், நம் தெருவுக்குத் தண்ணீர் வரும் நாள். வாஷிங் மெஷினில் ஐந்தாவது நடை துணி ஓடிக்கொண்டிருக்கிறது, அப்பா மாடியில் தொட்டிக்குக் காவல் இருக்கிறார், அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. போனில் பேச முடியாததை எழுதுகிறேன். எதிர்வீட்டு ஸாமிர் வியாழக்கிழமை உன் ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புவேன்.

போன வாரம் நீ கேட்டாய், "ஏம்மா, நான் அனுப்பின பத்திரத்த வக்கீல்கிட்ட குடுத்தியா இல்லியா, அத மட்டும் சொல்லு" என்று. அப்பா பக்கத்தில் இருந்தார். கொடுத்தேன், வக்கீல்தான் தாமதம் செய்துவிட்டார் என்று சொன்னேன். அது பொய். ஹனான் நல்ல வக்கீல், இரண்டு முறை போன் செய்து கேட்டார். பத்திரம் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. இப்போது இந்த உறையில் இருக்கிறது.

முதலிலிருந்தே சொல்கிறேன், உனக்குப் பாதிதான் தெரியும். பெருநாள் விருந்தில் அப்பா நீ செய்த கணினி விளையாட்டை டிவியில் போட்டுக் காட்டினார். மன்ஸஃப் சோற்றுத் தட்டைச் சுற்றி இருபது பேர், "எம் பொண்ணு செஞ்சது, பேரு தண்ணி நாள், கொழாய் நிக்கறதுக்குள்ள வீட்ட நெறப்பணும்" என்று வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். காலிப் சித்தப்பாவின் மகன் ஸுஹைப் திரையைப் படம் பிடித்தான். "பெரியம்மா, பேரே போதும், அம்மான்ல இத வாங்காத வீடு இருக்காது" என்றான். நான் சந்தோஷப்பட்டு அவன் சோற்றில் இன்னொரு கரண்டி தயிர்க்குழம்பு ஊற்றினேன். ஆறு வாரத்தில் அவன் கம்பெனி அந்தப் பெயரைப் பதிவுக்குக் கொடுத்து, அது அரசிதழிலும் வந்துவிட்டது. இங்கே முந்திக் கொடுத்தவன் பக்கம்தான் காற்று. ஆட்சேபம் சொல்ல மூன்று மாதம். நீ அங்கே தூதரகத்தில் வரிசையில் நின்று முத்திரை வாங்கி ஹனான் பெயருக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பினாய். அது வந்து சேர்ந்த அன்றே அப்பா சொன்னார், "எஞ் சித்தப்பா மகன் வீட்டு மேல நான் கேஸ் போடறதா? பெரியவங்கள கூட்டிக்கிட்டு ஜாஹா போறோம், பேசி முடிக்கறோம்."

போனார்கள். காலிப் வீட்டுக்குப் பன்னிரண்டு பேர், ஊர்ப் பெரியவர் அபூ ஷாகிர் தலைமையில், எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டு. நான் உள்ளறையில் காலிப்பின் மனைவியோடு இருந்தேன், திரைக்கு இந்தப் பக்கம். காப்பிக் கிண்ணங்களை வைக்கும் சத்தம் கேட்டது, எடுக்கும் சத்தம் கேட்கவில்லை. ஏன்மா காப்பிய ஆறவிடறாங்க என்று சின்ன வயதில் நீ ஒருமுறை கேட்டாய், கேட்டது கிடைக்காமல் குடிக்கமாட்டார்கள் என்று நான்தான் சொல்லித்தந்தேன். அபூ ஷாகிர் பேசி முடித்ததும் காலிப் எழுந்தார். "காப்பியக் குடிங்க. எதுக்கு வந்தீங்களோ அத குடுத்தாச்சு. ஜுமானா எம் பொண்ணு" என்றார். குடித்தார்கள். கூஜாவோடு நின்றவன் ஸுஹைப். குனிந்து குனிந்து ஊற்றினான், வாயைத் திறக்கவில்லை. அதைத் திரையிடுக்கு வழியாக நான் கவனித்தேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று, ஒரு தாளில் இரண்டு வரி எழுதி ஸுஹைபும் கையெழுத்துப் போட்டால் நல்லது என்று சொன்னேன். அபூ ஷாகிர் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா உம்மு ஜுமானா, குடிச்ச காப்பிக்கு ரசீது கேக்கறியா?" பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். காரில், "எம் மானத்த வாங்கிட்ட" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குக் கெடுவுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. பல்கலைக்கழகத்தில் படித்தவள், இருபது ஆண்டாக நீதிமன்றத் தாள்களை மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள், எனக்கா கெடு தெரியாது. தினமும் இழுப்பறையைத் திறந்து பத்திரத்தைப் பார்த்துவிட்டு மூடினேன். ஆட்சேபம் கொடுத்திருந்தால், காப்பியைக் குடித்துவிட்டு முதுகில் குத்தினான் என்று உன் அப்பாவைத்தான் ஊர் சொல்லியிருக்கும். காலிப்பின் வாக்கை நம்பினேன் என்று உன்னிடம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நான் நம்பவில்லை ஜுமானா. நம்பாமல்தான் சும்மா இருந்தேன், அந்தச் சிரிப்புக்கு வெட்கப்பட்டு.

பதிவுச் சான்றிதழ் ஸுஹைபுக்குக் கிடைத்தபிறகு அப்பா காலிப்பைப் போய்ப் பார்த்தார். அந்த மனிதர் அழுதாராம். பையனைக் கூப்பிட்டு இவர் முன்னாலேயே கேட்டாராம். ஸுஹைப் குரலை உயர்த்தவில்லையாம், "காப்பி குடிச்சது பெரியவங்க. எங்க கம்பெனி குடிக்கலியே பெரியப்பா. அதுல இன்னும் ரெண்டு பங்காளி இருக்காங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றானாம். சட்டப்படி அவன் சொன்னது சரி. அபூ ஷாகிர் இப்போது அப்பாவின் போனை எடுப்பதில்லை.

ஹனானிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டேன். கெட்ட எண்ணத்தோடு செய்த பதிவு என்று நீக்கக் கோரலாம், ஆனால் ஆண்டுக்கணக்காகும், விருந்துக்கு வந்த இருபது பேரில் ஒருவராவது சாட்சி சொல்லவேண்டும் என்றார். இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் அன்று டிவியையே பார்க்கவில்லை என்கிறார், இன்னொருவர் அன்று வரவே இல்லையாம், இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டவர். உன் விளையாட்டை வெளியிட இருக்கும் கம்பெனி மாதக் கடைசிக்குள் வில்லங்கமில்லாத பெயர் கேட்கிறது, இல்லாவிட்டால் ஒப்பந்தம் இல்லை என்கிறது. பெயரை மாற்று. வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நான்கு ஆண்டு அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் செய்தவள் நீ, மாற்று என்று எழுதுவது எவ்வளவு எளிதாக இருக்கிறது பார். இன்னொரு பெயரில் அது அதே விளையாட்டாக இருக்குமா என்று எனக்குத் தெரியாது, இருக்காது என்றே நினைக்கிறேன். அப்பாவைக் கோபிக்காதே, தொட்டி நிறைந்தபிறகும் மாடியிலிருந்து இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

புதுப் பெயரை அங்கேயே பதிவுக்குக் கொடு, இங்கேயும் ஹனான் மூலம் நீயே நேராகக் கொடு. வேளைக்குச் சாப்பிடு, தூங்கு. அல்லாஹ் உன் உழைப்பை உன்னிடமே வைக்கட்டும். ஒன்றை மறக்காதே. சான்றிதழ் கையில் வரும்வரை அந்தப் பெயரை அப்பாவிடம் சொல்லாதே. என்னிடமும் சொல்லாதே, நான் கேட்டாலும்.

உன் அம்மா,
நுஹா