ஒரு பாட்டில் ரத்தம் கேட்டேன், அண்ணே

முத்தையாபுரத்தில் உன் முதல் நினைவு நாளுக்கு உன் மக்கள் ரத்ததான முகாம் வைத்திருக்கிறார்கள். வாசலில் உன் படம், படத்துக்கு ரோஜாப்பூ மாலை. உள்ளே கால் வைத்ததும் ஸ்பிரிட் வாடை குப்பென்று அடித்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். உன் பெயரில் ரத்ததானமாம்! நல்ல வேடிக்கை.

உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் சொன்னேன். இன்றைக்கு அந்த மரியாதை வரவில்லை.

என்னை அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுத்தவன் நீ. வெளியில் கொடுத்தால் ரத்தம் விட்டுப் போய்விடும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். என் மகனுக்குக் காது குத்தியபோது, தாய்மாமனாக அவனை மடியில் வைத்துக்கொண்டு, "இது எங்க ரத்தம்லா, முழியப் பாருங்க" என்று ஊரெல்லாம் கேட்கச் சொன்னாய். அந்த ரத்தம்தான் அவன் உடம்பில் நிற்கவில்லை. டாக்டர் தலசீமியா என்றார். அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் வந்து சேர்ந்த கோளாறு, மாதம் தவறாமல் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். எழுபதுகளில் அந்தப் பெயரை நம் தெருவில் யார் கேள்விப்பட்டிருந்தார்கள்?

என் ரத்தமும் சேரவில்லை, அவன் அப்பா ரத்தமும் சேரவில்லை. உன் குரூப்தான் சேர்ந்தது. துறைமுகத்தில் உன்னை வேலைக்கு எடுத்தபோதே அது தெரியும். மூட்டை தூக்குகிற ஒரு கூட்டமே உன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்ற காலம் அது. உன் வாசலில் வந்து நின்று கேட்டேன்.

"ஏளா, ரத்தம் குடுத்தா ஆம்பளைக்குச் சீவன் போயிரும். நாளைக்கு மூட்டைய நீயா தூக்குவ?"

"மாசாமாசம் வேண்டாம்ண்ணே. ஒரே ஒரு தடவ குடுங்க."

"போளா அங்கிட்டு."

உன் ஆட்களில் ஒருவன் மனமிரங்கி வருகிறேன் என்றான். "ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று அவனையும் தடுத்தாய்.

அப்புறம் என்ன, ஆஸ்பத்திரி வாசலில் ரத்தம் விற்கிறவர்கள்தான் கதி. எவன் உடம்பில் என்ன இருந்ததோ! அதைச் சரியாகச் சோதித்துப் பார்க்க அன்றைக்கு வழியும் இல்லை. பிள்ளையின் கண் எப்போதுமே லேசாக மஞ்சளாகத்தான் இருக்கும், அந்த நோயின் சுபாவம் அப்படி. அதனால் மஞ்சள் கூடியபோது யாருக்கும் உறைக்கவில்லை. நீயும் வந்து பார்த்தாய். "எப்பவும் உள்ள மஞ்சதாம்ளா, கீழாநெல்லிய அரைச்சுக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனாய். டாக்டர் பார்க்கும்போது ஈரல் கெட்டிருந்தது. ஏற்றிய ரத்தத்தோடு கிருமி வந்துவிட்டது என்றார். சொந்தக்காரர் ரத்தத்திலும் கிருமி இருக்கலாம் என்று அவரே சொன்னார். இருந்திருக்கலாம். கொடுத்து அப்படி ஆகியிருந்தால் உன்னை மன்னித்திருப்பேன், அண்ணே. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அழுதிருப்போம்.

இதில் கொடுமை என்னவென்றால், அவனுக்கு உன்மேல் உயிர். தோளில் தூக்கிக்கொண்டு கப்பல் காட்டப் போவாய். தெருமுனையில் "மருமவனே" என்று உன் குரல் கேட்டாலே போதும், வயிறு வீங்கிக் கிடந்த பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிடுவான். கடைசி நாட்களில் ஒருநாள் அவன் பக்கத்தில் இருந்து உன்னைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்தான்.

"மாமாவ ஏசாதம்மா. அவுகளுக்கு ஊசின்னா பயம். எங்கிட்ட மட்டும் சொன்னாவ."

ஊசி! மாதாமாதம் அந்தக் குச்சிக் கையில் குத்து வாங்கியவன் உனக்காகப் பரிந்து பேசினான். அவன் கேட்டு நான் எதையும் மாட்டேன் என்றதில்லை. இதை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை. உன் சாவு வீட்டிலும் மனசுக்குள் உன்னை ஏசிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இப்போதும் ஏசுகிறேன். ஒவ்வொரு தடவையும் பிள்ளை வந்து என் கையைப் பிடிக்கிறான்.