சிரட்டை மண்

மாப்ளே,

இன்று காலை மண்டபத்திலிருந்து தோணியில் ஒருவர் தன் நாயைச் சாக்கில் கிடத்திக் கொண்டுவந்தார். அதன் வாய் பிளந்து தொங்கியது, எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. "தொண்டையில முள்ளு சிக்கிக்கிச்சு. கைய விட்டுப் பாத்தேன், அகப்படல. கடிநாயவே வழிக்குக் கொண்டாருவீகளாமே!" என்றார். கிணற்றடியில் சிரட்டை நிறைய நான் வைத்திருக்கும் மண்ணைப் பார்த்தேன். உன்னைத்தான் நினைத்தேன், வேறு யாரை நினைப்பேன்?

பாம்பனில் கருவாட்டு மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் நான் காவல்காரன். நீ சிலோனுக்குப் போகும் சாக்குகளைத் தைப்பவன். அங்கே துடுப்படி பட்டு, கம்பைக் கண்டாலே பாய்கிற ஒரு செவலை நாய். முதலாளி விஷம் வைக்கச் சொன்னபோது நீ குறுக்கே விழுந்தாய். "ஒரு மாசம் குடுங்க முதலாளி, இவன் பாத்துக்குவான்" என்று என்னைக் கோர்த்துவிட்டாய். எனக்கு என்ன தெரியும்? உனக்கும் ஒன்றும் தெரியாது, படுபாவி! ஆனால் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாக்குத் தைத்தாய். "அது கண்ணப் பாக்காத மச்சான். நாம சும்மா கெடந்தா அதுவும் சும்மா கெடக்கும்." மூன்றாவது வாரம் அது உன் சாக்கின் மேல் தலைவைத்துத் தூங்கியது. அதன்பின் பல ஊர்க் கடிநாய்களும் நம்மிடம் வந்தன.

தொழுகைக்குப் போகும் முன் கையை நீட்டுவாய். உங்கள் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. நான் செம்பில் ஊற்ற, நீ எண்ணுவாய். "ஏழு நாய் வளத்தா நாப்பத்தொம்பது தடவையா?" என்று கேலி செய்வேன். "பேசாம ஊத்துலே" என்பாய்.

உத்தரகோசமங்கையிலிருந்து ஆளை அண்டவிடாத ஒரு தோட்டத்து நாய் வந்தது. ஐந்தாம் நாளே அடங்கிப் படுத்துவிட்டது. "பாத்தியா என் கைராசிய!" என்று மார்தட்டினேன். வாய் மூடாமல் எச்சில் வடிந்தபோதும் எனக்கு உறைக்கவில்லை. கருவாட்டுத் தலை தின்கிற நாய்களுக்கு முள் சிக்குவது நம் கரையில் சாதாரணம். கெளுத்தி முள் என்று நான்தான் முடிவு கட்டினேன். தாடையைப் பிடித்துக்கொண்டு, "உன் கைதான் ஒல்லி, விடுலே" என்றேன். கோணி ஊசி குத்திக் குத்திப் பொத்தலான விரல்களை உள்ளே விட்டாய். முள் இல்லை. அன்றும் உனக்கு ஏழு தடவை ஊற்றினேன். நாய் இரண்டு நாளில் செத்தது. வெறி என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்றுதானே நமக்குத் தெரியும்? அது கடிக்கவே இல்லை.

நாற்பது நாள் கழித்து, டீக்கிளாஸை வாயருகே கொண்டுபோக முடியாமல் தட்டிவிட்டாய். இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "கடிக்கலையே" என்றேன். "புண்ணுல எச்சில் பட்டாலே போதும். இனிமே ஊசி போட்டுப் பலனில்ல, வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றார். உன் உம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "உன்னய நம்பித்தானே வாப்பா எம்புள்ளய விட்டேன்" என்று அழுதார். கடலுக்கு நடுவில் வளர்ந்த உனக்கு ஒரு மடக்குத் தண்ணீர் இறங்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நீ கேட்டது ஒன்றுதான்: "மச்சான், நீயும் அதப் புடிச்சிருந்தியே. கையக் கழுவுனியா?"

தலையைக் குனிந்தேன்.

"போயி ஊசி போட்டுக்க. இப்பவே போ."

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. தினமும் ரயிலேறிப் போனேன். மூன்றாவது ஊசிக்கு நான் வரிசையில் நின்ற காலையில் உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள். தோள் கொடுக்கக்கூட நான் வரவில்லை.

இன்று அந்த மனிதரும் "கடிக்கவே இல்லையே" என்றார். கத்திவிட்டேன். கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கழுவவைத்து, ரயிலேற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவர் பிழைத்துக்கொள்வார். நாயை அறையில் அடைத்திருக்கிறேன். அதற்கு என்னால் ஆவது ஒன்றுமில்லை. முதுகைக் காட்டி வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

எந்த நாயைத் தொட்டாலும் ஏழு தடவை கழுவுகிறேன். "ஒங்களுக்கு எதுக்கு இந்த ஏழு?" என்கிறாள் என் வீட்டுக்காரி. அவளிடம் என்ன சொல்ல? அன்று 'கழுவல' என்று உன்னிடம் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லையே.

இப்போது கேள், மாப்ளே. கழுவிவிட்டேன்.