அப்பாவின் முப்பத்தோராம் நாள்

20 மே 2025
மீண்டும் வேலைக்குப் போனேன். எட்டாம் திகதி காலை பத்து மணிக்கு அப்பா இறந்துபோனார். அதன் பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை.

22 மே
அம்மா கேட்டா: "ஐயர் அந்தியேட்டி ஜூன் ஏழு எண்டவர். ஹோல்காரர் எட்டு எண்டு மெசேஜ் அனுப்பியிருக்கினம். எது பிள்ளை சரி?"
அந்தியேட்டி முப்பத்தோராம் நாள் கிரியை; இறந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். ஏழுதான் சரி. இறந்த திகதியைக் கொடுத்தால் நாளைக் கணித்து மெசேஜ் அனுப்பும் அந்த வெள்ளவத்தை மண்டபத்தின் மென்பொருள் எங்கள் கம்பனி செய்தது! அதன் மெசேஜை நம்பி தம்பி சுமன் டொரொன்டோவில் டிக்கற் எடுத்துவிட்டான். ஏழாம் திகதி இரவுதான் வந்து இறங்குவான். செத்தவீட்டுக்கும் வர முடியாமல் போனவன். இதையும் விடுவதா?

23 மே
மண்டப மனேஜர் சிவமணி அண்ணை முன்பதிவை ஏழுக்கு மாற்றித் தந்தார். "சில ஆக்களுக்குச் சரியா வருது பிள்ளை, மற்ற ஆக்களுக்கு ஒரு நாள் பிந்துது. கையால திருத்திறனாங்கள். உங்கடைய விட்டிட்டம்."
சிலருக்கு மட்டும் சரியா? ஏன்? எப்போதும் பிழையாக வந்தால் விட்டுவிடுவேன். இடைக்கிடை சரியாக வருவதுதான் மண்டையைக் குடைகிறது.

26 மே
திகதியைக் கணிக்கும் SQL வினவலைத் திறந்தேன். இறந்த திகதியுடன் முப்பத்தொன்றைக் கூட்டியிருக்கிறார்கள். முப்பதல்லவா கூட்ட வேண்டும்? அப்படியானால் எல்லாருக்குமே பிந்த வேண்டுமே - சரியாக வந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் விடிய ஐந்தரைக்கு முன் இறந்தவர்கள்.
ஐந்தரை! தரவுத்தளம் நேரத்தை உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கிறது. நாங்கள் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே. விடியுமுன் இறந்தவருக்கு அங்கே முந்தைய நாள் திகதி. ஒரு பிழை முன்னே தள்ள, மற்றது பின்னே இழுக்க, கணக்குச் சரி! மேசையில் தட்டிச் சிரித்துவிட்டேன். தகப்பனைப் பறிகொடுத்தவள் சிரிக்கிறாளே என்று பக்கத்து மேசை றலியா திரும்பிப் பார்த்தாள்.

27 மே
நேரத்தைக் கொழும்புக்கு மாற்றினேன். பிறகு முப்பது கூட்டினேன். எல்லா வரியும் சரி.
முந்திய விமானத்துக்கு மாறப் பார்த்த சுமன்: "சீற் இல்லை எண்டுறாங்கள் அக்கா."

30 மே
இன்னும் சீற் இல்லை. கணினியில் திருத்தியதை ஆகாயத்தில் திருத்த முடியாதே.

2 ஜூன்
லண்டன் வழியாகக் கிடைத்துவிட்டது! ஆறாம் திகதி காலை வருகிறான்.

6 ஜூன்
சுமன் வந்துவிட்டான். அம்மா அவன் கையை விடவேயில்லை.
பின்னேரம் மண்டபத்தின் நினைவூட்டல் மெசேஜ் வரவேண்டும்; முன்பதிவைக் கையால் மாற்றியிருந்தாலும் இதன் திகதியை மென்பொருளே கணிக்கும். என் திருத்தம் வேலை செய்கிறதா என்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. நாளை, ஏழாம் திகதி. "சரியா வந்திட்டுது!" என்று கத்தினேன்.
அதற்குப் பிறகுதான் திகதிக்கு மேலே இருந்த பெயரை வாசித்தேன். அமரர் வரதராசா. என் அப்பா.
சுமன் ஃபோனை வாங்கி வைத்தான். மே எட்டாம் திகதிக்குப் பிறகு இன்றைக்குத்தான் அழுதேன்.