தம்பி வாசித்த பத்திரம்

மார்கழி 3, வியாழன் இரவு. நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

பூண்டுத் தோட்டத்தைத் தம்பிக்கு ஐந்து வருசக் குத்தகைக்கு விட்ட பத்திரத்தை இன்று கொடைக்கானல் கோர்ட்டில் இலவச வக்கீலம்மாவிடம் காட்டினேன். தம்பி வாசித்துக் காட்டித்தான் அதில் ரேகை வைத்தேன்.

"பெரியவரே, இது குத்தகையில்லைங்க, கிரயம். தோட்டத்தோட வீட்டையும் தம்பிக்கு வித்துட்டதா எழுதிக் கெடக்கு."

"அவன் அப்படி வாசிக்கலையேம்மா!"

"என்ன வாசிச்சாரு?"

வரி மாறாமல் சொன்னேன். அதை மனுவாக எழுதி, இரண்டு முறை வாசித்துக் காட்டிய பிறகுதான் வக்கீலம்மா மைப்பெட்டியை நீட்டினார். தம்பி மேல் வழக்குப் போட ரேகை வைத்தேன்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவன் கேட்கிறான்: "அண்ணே, சாப்பிட்டாச்சா?"

மகள் என் முகத்தையே பார்க்கிறாள்.